பல்வலிக்கு ஜெல் போதுமா?

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். பல் போனால் சோறும் போகும், சுகமும் போகும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

கடந்த மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் ஓர் அக்காவுக்குக் கடைவாய்ப் பல் வலி. அட்டன் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். பஸ் செலவு வேறு. ஆகவே டவுனுக்குப் போன ஒருவரிடம் சொல்லி மருந்துக்கடையில் ஒரு ஜெல் டியூப் வாங்கினார். விரலில் தொட்டு ஈறில் தடவினால் ஐந்து நிமிடத்தில் மரத்துவிடும். மறுநாள் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்தார். இப்படியே இரண்டு மாதம் கழிந்தது. மூன்றாவது டியூப் முடியும்போது தாடை வீங்கி, காய்ச்சல் கண்டு, வாய் திறக்க முடியாமல் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தார். ஒரு நாள் பேரை மிச்சம் பிடிக்கப் போய் ஏழு நாள் பேர் போயிற்று. பல்லும் போயிற்று.

அந்த அக்காவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம்மில் யார் அப்படிச் செய்யாதவர்? ஆனால் ஜெல் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

டியூபுக்குள் என்ன?

ஜெல் என்ற பெயரில் வருபவை எல்லாம் ஒன்றல்ல. முதல் வகை மரக்கச் செய்வது. பென்சோகெய்ன், லிக்னோகெய்ன் போன்ற மருந்துகள் இதில் உண்டு. இவை நரம்பைச் சிறிது நேரம் உறங்க வைக்கும். சொத்தையையோ சீழையையோ தொடுவதில்லை. கராம்புத் தைலமும் இதே வேலையைத்தான் செய்கிறது. வலி என்பது வீட்டு வாசலில் குரைக்கும் நாய். நாயின் வாயைக் கட்டிவிட்டால் திருடன் போய்விட மாட்டான்.

பல் முளைக்கும் குழந்தைக்கு இவற்றைத் தடவவே கூடாது. பென்சோகெய்ன் சில குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியைக் குறைத்து, உடல் நீலம் பாரித்து உயிருக்கே ஆபத்தாகலாம். இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கு இதைப் பாவிக்க வேண்டாம் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் 2018இல் கடுமையாக எச்சரித்தது. வாய்ப்புண்ணுக்குத் தடவும் சாலிசிலேட் கலந்த ஜெல்லைப் பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்குக் கொடுக்க வேண்டாம் என 2009இல் பிரித்தானியா அறிவித்தது. குழந்தைக்குச் சுத்தமான விரலால் ஈறை மெல்ல நீவிவிடுங்கள்; அதுவே போதும்.

இரண்டாவது வகை கிருமியைக் கட்டுப்படுத்தும் குளோர்ஹெக்சிடின் ஜெல். ஈறு வீங்கி இரத்தம் வரும்போது வைத்தியர் சொல்லும் சில நாட்களுக்கு மட்டும் இது உதவும். நீண்ட நாள் பாவித்தால் பல்லில் கறை படியும். தேநீர் குடிப்பவர்களுக்கு இன்னும் அதிகமாகப் படியும்.

மூன்றாவது, கடையில் விற்கும் ஜெல் பற்பசை. வெள்ளைப் பசைக்கும் இதற்கும் நிறமும் வழவழப்பும்தான் வித்தியாசம். பார்க்க வேண்டியது ஃபுளோரைட் இருக்கிறதா என்பதையே. பத்து இலட்சத்தில் 1000 முதல் 1500 பங்கு ஃபுளோரைட் உள்ள பசை சொத்தையைத் தடுக்கும். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒரு பட்டாணி அளவு போதும். விழுங்காமல் துப்பப் பழக்க வேண்டும். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையை விட்டு வவுனியாப் பக்கம் போய்க் கமம் செய்த நம் உறவினர்கள் இதில் மேலும் கவனமாக இருக்க வேண்டும். வறண்ட வலயக் கிணறுகள் பலவற்றில் ஃபுளோரைட் ஏற்கெனவே கூடுதல். அதுதான் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாகத் தெரிகிறது.

நம்மை அளந்தவர்கள்

ஒரு செய்தியை நம் மக்கள் பலர் அறியமாட்டார்கள். உலகெங்கும் பல் வைத்திய மாணவர்கள் படிக்கும் ஆய்வொன்று நம் மலையகத் தொழிலாளரின் வாயிலிருந்து வந்தது. நோர்வே நாட்டுப் பேராசிரியர் ஹரால்ட் லோவும் குழுவினரும் 1970இல் இங்கே 480 ஆண் தொழிலாளரைப் பரிசோதித்து, 1985 வரை திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். பற்தூரிகையும் பல் வைத்தியமும் எட்டாத மக்கள் என்பதே நம்மவரைத் தெரிவு செய்யக் காரணம். 1986இல் முடிவு வெளிவந்தது. சொத்தை மிகக் குறைவு. ஆனால் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு ஈறு நோய் வேகமாக முற்றியது. அவர்கள் நாற்பத்தைந்து வயதுக்குள் பல் எல்லாவற்றையும் இழந்தார்கள். எண்பத்தொரு பேருக்கு நடுத்தரமாகப் பரவியது. பதினொரு பேருக்கு மட்டுமே நோய் முன்னேறவில்லை.

இதே லோ, துலக்குவதை நிறுத்தினால் மூன்று வாரத்துக்குள் ஈறு வீங்கும், மீண்டும் துலக்கினால் தேறும் என்று 1965இலேயே காட்டியவர். குளோர்ஹெக்சிடினின் பயனை 1970இல் எடுத்துக் காட்டியவரும் அவரே. நம் வாயை வைத்து உலகம் படித்தது. அந்தப் படிப்பின் பலன் நம் லயத்துக்கு எவ்வளவு வந்தது? இதுவே என் கேள்வி.

வலிக்காத ஆபத்து

இன்னொன்று, எந்த ஜெல்லாலும் தொட முடியாதது. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்னணியில் உள்ளது. குளிருக்கும் களைப்புக்கும் நாம் போடும் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலையே முக்கிய காரணம். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதி செய்தது. இந்த நோய் ஆரம்பத்தில் வலிப்பதில்லை. மூன்று வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிச்சல், மூன்று விரல் நுழையாதபடி வாய் இறுகுதல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் ஜெல் தடவிக் காத்திருக்க வேண்டாம். உடனே காட்டுங்கள். ஆரம்பத்தில் கண்டால் குணமாக்கலாம்.

நாம் கேட்க வேண்டியவை

அரசாங்க ஆஸ்பத்திரியில் பற்சிகிச்சை இலவசம். ஆனால் ஒரு நாள் பேரை இழக்க வேண்டியிருந்தால் அது இலவசமா? பல் வைத்தியரிடம் போகும் நாளுக்குச் சம்பளத்துடன் லீவு வேண்டும். தோட்ட டிஸ்பென்சரிக்குப் பல் வைத்தியர் குறித்த தேதியில் வர வேண்டும். பிள்ளை மடுவத்தில் காலையில் எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகப் பல் துலக்க வேண்டும். இவற்றைத் தொழிற்சங்கத்திடமும் நிர்வாகத்திடமும் மாதர் சங்கம் எழுத்தில் கேட்கட்டும்.

நம் பங்கும் உண்டு. செங்கல் தூளும் கரியும் பல்லைத் தேய்க்கும். அவற்றை விட்டு, காலையிலும் படுக்கப் போகும் முன்பும் தூரிகையால் துலக்குவோம். மாதத்துக்கு ஒரு முறை வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்து ஒருவர் வாயை ஒருவர் பார்ப்போம். ஜெல் ஓர் இரவு தூங்க உதவட்டும். விடிந்ததும் நம் கால் ஆஸ்பத்திரியை நோக்கி நடக்கட்டும்.