மந்தமான யந்திரமும் மறைக்கப்பட்ட வாட்டும்

மடிக்கணினி மந்தமாகிவிட்டது. விளையாட்டு திக்கித் திணறுகிறது. படம் வெட்டி வெட்டி ஓடுகிறது. என்ன செய்வது என்று கேட்டால், விற்கிறவர்கள் வாயிலிருந்து ஒரே பதில்தான் வருகிறது: “பழசாகிவிட்டது, புதுசு வாங்குங்கள்.” இந்தப் பதிலை அப்படியே விழுங்குவதற்கு நாம் தயாராக இல்லை.

விளையாட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி உழைப்பாளி மக்களின் பத்திரிகை ஏன் எழுத வேண்டும் என்று சில தோழர்கள் முகம் சுளிக்கக்கூடும். எட்டு மணி நேர வேலைக்காகப் போராடிய இயக்கம் நம்முடையது. மிஞ்சிய நேரத்தில் தொழிலாளியின் மகன் எதை விளையாட வேண்டும் என்று உத்தரவு போடுவதற்காக அந்தப் போராட்டம் நடக்கவில்லை. அது ஒருபுறமிருக்கட்டும். அதே கிராபிக்ஸ் சிப்பை நம்பித்தான் கலியாண வீடியோ எடிட் செய்கிறவர் வயிறு வளர்க்கிறார். கட்டட வரைபடம் போடுகிறவரும், அனிமேஷன் வேலைக்குப் போகும் இளைஞரும் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். மாதத் தவணையில் வாங்கிய யந்திரம். தவணை தீருமுன் அது படுத்துவிட்டால் அடுத்த கடன்தான். இது வெறும் பொழுதுபோக்கு விவகாரம் அல்ல.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுவோம். மடிக்கணினியின் கிராபிக்ஸ் வேகத்தை சிப்பின் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதற்கு எத்தனை வாட் மின்சாரம் ஊட்டப்படுகிறது, அதனால் கிளம்பும் சூட்டை எவ்வளவு சீக்கிரம் வெளியே தள்ள முடிகிறது என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரியும். வாங்குகிறவருக்குத்தான் தெரிவதில்லை, தெரியவிடுவதுமில்லை.

என்விடியா கம்பெனியின் ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். மேஜைக் கணினிக்கான 4090 அட்டையில் 16,384 கணக்கீட்டு மையங்கள். மின்சாரம் 450 வாட். மடிக்கணினிக்கான 4090-ல் 9,728 மையங்கள். மின்சாரம் 80 முதல் 150 வாட். உள்ளே இருப்பது வேறு சிப்! பெயர் மட்டும் ஒன்று. துணிக்கடையில் பட்டு என்று சொல்லிப் பாதிப் பருத்தியைத் தந்தால் அதை என்னவென்று அழைப்போம்?

மடிக்கணினிகளுக்கிடையிலும் இதே கூத்துதான். 2021-ல் வந்த 3080 மடிக்கணினிச் சிப்பை ஒரு தயாரிப்பாளர் 80 வாட்டில் ஓட்டலாம்; இன்னொருவர் 150 வாட்டில் ஓட்டலாம். அதற்கு முன்பெல்லாம் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிப்புக்கு ‘மேக்ஸ்-க்யூ’ என்று தனி அடையாளமாவது இருந்தது. அந்த ஆண்டு அந்த அடையாளமும் போயிற்று. கண்டனம் எழுந்த பின்னரே, வாட் விவரத்தைத் தங்கள் விளம்பரப் பக்கங்களில் வெளியிட வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு என்விடியா கூறியது. சரி, அந்த எண் எத்தனை கடைகளில் வாங்குகிறவர் கண்ணில் படுகிறது? பெட்டியின் மேல் சிப்பின் பெயர் பளபளக்கிறது, வாட் எங்கே?

யந்திரம் மெல்லியதாக, இலேசாக வேண்டும் என்று மக்களே விரும்புகிறார்களே என்பார்கள். வாஸ்தவம்தான், விரும்பட்டும். அந்த மெலிவுக்கு எவ்வளவு வேகத்தை விலையாகக் கொடுக்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டு விற்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

இனி, கையிலிருக்கும் யந்திரத்துக்கு வருவோம். புதுசு வாங்க ஓடுமுன் பார்க்க வேண்டியவை உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காலணா செலவில்லை.

சார்ஜர் செருகாமல் விளையாடினால் வேகம் விழுந்தே தீரும். விசேஷ கிராபிக்ஸ் சிப் கேட்கும் மின்சாரத்தைப் பாட்டரியால் அந்த வேகத்தில் கொடுக்க முடியாது. யந்திரம் தானாகவே சிப்பை அடக்கிவிடும். பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்த சிறிய சார்ஜரும் இதே காரியத்தைச் செய்யும். உடன் வந்த சார்ஜரையே செருகி, விண்டோஸின் மின்சார அமைப்பை அதிக வேகத்துக்கு மாற்றிப் பார்க்க வேண்டும்.

பல யந்திரங்களில் இரண்டு கிராபிக்ஸ் சிப்கள் இருக்கின்றன: பிராசஸருக்குள்ளேயே அடங்கிய சிறியது ஒன்று, தனியாகப் பொருத்திய பெரியது ஒன்று. பாட்டரியை மிச்சப்படுத்தும் பொருட்டு விண்டோஸ் சில சமயம் விளையாட்டைச் சிறியதன் தலையில் கட்டிவிடும். பணம் கொடுத்து வாங்கிய பெரிய சிப் சும்மா தூங்கும்! டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் எது உழைக்கிறது, எது தூங்குகிறது என்று தெரிந்துவிடும். டிஸ்பிளே அமைப்பில் கிராபிக்ஸ் என்ற பகுதிக்குப் போய் அந்த விளையாட்டுக்குப் பெரிய சிப்பை ஒதுக்கலாம்.

ஆனால் பெரும் குற்றவாளி சூடுதான். அறிகுறி தெளிவானது: முதல் பத்து நிமிஷம் நன்றாக ஓடும்; பிறகு விசிறி அலறும், படம் தடுமாறும். சிப் கருகிவிடாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பல பிராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இப்படிச் செய்கின்றன. சித்திரை வெயிலில், ஏ.சி. இல்லாத அறையில், மெத்தையின் மேல் யந்திரத்தை வைத்து விளையாடினால் அடியிலுள்ள காற்றுவழி அடைபட்டு விசிறிக்கு மூச்சுத் திணறாமல் என்ன செய்யும்? கெட்டியான பலகையில் வைத்து, பின்பக்கத்தைச் சற்றே தூக்கி வைத்தாலே பல டிகிரி இறங்கக்கூடும். விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். அதை எடுக்க வேண்டும். சிப்புக்கும் செப்புத் தகட்டுக்கும் இடையே பூசிய தெர்மல் பேஸ்ட் சில வருஷங்களில் காய்ந்துபோகும்; அதை மாற்ற வேண்டும். சென்னை ரிச்சி தெருவின் சின்னஞ்சிறு கடையில் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்குக்கு இது கைவந்த வேலை. அவர் கேட்கும் கூலி புது யந்திரத்தின் விலைக்கு முன்னால் ஒரு பொருட்டே அல்ல.

தனி கிராபிக்ஸ் சிப் இல்லாத யந்திரமா? அப்படியானால் பிரதான மெமரியைத்தான் கிராபிக்ஸும் கடன் வாங்குகிறது. செலவை மிச்சம் பிடிக்கத் தயாரிப்பாளர் ஒரே ஒரு மெமரி அட்டையைச் செருகி அனுப்பியிருந்தால் பாதை பாதியாகிவிடும். டி.டி.ஆர்.4-3200 வகையில் ஒற்றை அட்டை விநாடிக்கு 25.6 ஜி.பி. தரும், இரட்டை அட்டை 51.2 தரும். இரண்டாவது அட்டையைப் போட்டதும் யந்திரம் புதுசுபோல் ஓடுவது உண்டு. ஆனால் மெமரியைப் பலகையோடு பற்றவைத்து, வேறு செருகவும் இடம் வைக்காத யந்திரத்தில் இந்த வழியும் அடைபட்டுப்போயிற்று.

விளையாட்டின் அமைப்பையும் பார்க்க வேண்டும். 2560-க்கு 1440 என்ற திரையில் 36 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். 1920-க்கு 1080-ல் சுமார் 20 லட்சம். புள்ளியைக் குறைத்தால் சுமை குறையும். நிழல்களைக் குறைத்தாலும் அப்படியே.

பூசி மெழுக நாம் விரும்பவில்லை. பத்து வருஷத்துப் பழைய யந்திரத்தில் இன்றைய பெரிய விளையாட்டை ஓட்டிவிட முடியாது. எந்த மெக்கானிக்காலும் அதைச் செய்ய இயலாது. ஆனால் தூசி எடுத்தால் சரியாகிற மூன்று வருஷத்து யந்திரத்தைக் குப்பையில் போடச் சொல்வது வேறு விஷயம். அது லாப வேட்டை.

1924-ல் ஜெனிவாவில் பீபஸ் என்ற ஏகபோகக் கூட்டு உருவாயிற்று. ஓஸ்ராம், பிலிப்ஸ் முதலிய மின்விளக்குக் கம்பெனிகள் ஒன்றுகூடி, பல்பின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குக் குறைத்தன. அதைவிட நீண்டு எரியும் பல்பைத் தயாரித்த கம்பெனிக்கு அபராதம் விதித்தன! மடிக்கணினிக் கம்பெனிகளிடையே அப்படி ஒப்பந்தம் இருப்பதாக நாம் கூறவில்லை. அதற்குத் தேவையே இல்லை. தூசி படிவதற்கு ஒப்பந்தம் வேண்டுமா? மூடியைத் திறக்கச் சிரமமாக வைத்து, உதிரி பாகத்தை விற்காமல் இருந்து, திறந்தால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்தினால் போதும். மிச்சத்தைக் காலமே பார்த்துக்கொள்ளும்.

சர்க்கார் என்ன செய்கிறது? 2022 ஜூலையில் ஒன்றிய அரசு ரிப்பேர் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. டிசம்பரில் ஒரு இணையதளத்தைத் திறந்தது. கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தும் சட்டமாக அது அமையவில்லை. பிரான்சிலோ 2021 ஜனவரி முதல், மடிக்கணினி விற்கிறவர் அதை ரிப்பேர் செய்வது எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை மார்க் போட்டுக் காட்டியாக வேண்டும். முதலாளித்துவ நாடான பிரான்சே இதைச் செய்ய முடியுமானால், இங்கே தடை என்ன?

கிராபிக்ஸ் சிப்பின் வாட்டைப் பெட்டியின் மேல், பெயருக்குச் சமமான எழுத்தில் அச்சிட வேண்டும். மெமரி அட்டையை மாற்ற வழி இருக்கிறதா இல்லையா என்பதை அதன் கீழே போட வேண்டும். விசிறி, பாட்டரி, சார்ஜர் ஆகியவற்றையும் ரிப்பேர் விளக்கப் புத்தகத்தையும், கம்பெனியின் சொந்த சர்வீஸ் நிலையத்துக்கு மட்டுமல்லாமல் ரிச்சி தெருக் கடைக்கும் நியாய விலையில் விற்க வேண்டும். இவற்றைச் சட்டமாக்கும்படி நுகர்வோர் சங்கங்களும், கம்ப்யூட்டரை வைத்துப் பிழைப்பவர்களின் சங்கங்களும் மனுக் கொடுக்கத் தொடங்கட்டும். அதுவரை, கடைக்குப் போகிறவர்கள் சிப்பின் பெயரோடு நில்லாமல் அதன் வாட் எவ்வளவு என்று கேளுங்கள். பதில் தெரியாது என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.