வீடு நோயல்ல

"மலைவாழ் பிள்ளைகளைப் பெற்றோரின் சூழலிலிருந்து பிரித்து விடுதியில் வளர்த்தால்தான் முன்னேறுவார்கள், கனடாவில் நடந்த கொடுமை இங்கே நடக்கவில்லை." மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நன்கு படித்தவர்கள் இப்படிப் பேசுகிறார்கள். இங்கே நடக்கவில்லை என்பது பொய்.

சில சமூகங்களைப் பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய ஆங்கிலேயர் காலக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் 1897 திருத்தம், அச்சமூகங்களின் 4 முதல் 18 வயது வரையிலான ஆண்பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்பில் வைக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. 1911இல் இச்சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1947இல்தான் இங்கே ஒழிந்தது. கனடாவில் சுமார் 1,50,000 பழங்குடிப் பிள்ளைகளை விடுதிப் பள்ளிகளில் அடைத்ததும் இதே எண்ணம்தான்: வீடுதான் நோய், பிள்ளையைப் பிடுங்குவதே மருந்து. தாய்மடி அறியாமல் வளர்ந்த பலர் தம் பிள்ளைகளை வளர்க்கத் தெரியாமல் தவித்தார்கள். காயம் பேரப்பிள்ளைகள்வரை இறங்கியது. 2015இல் அந்நாட்டு உண்மை ஆணையம் அதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே சொன்னது.

நம் அரசின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளை அவற்றுக்குச் சமமென்று நான் சொல்லமாட்டேன். பெற்றோரே அனுப்புகிறார்கள், பிள்ளைகள் பசியாறுகிறார்கள். ஆனால் அருகில் வேறு பள்ளி இல்லாதபோது அனுப்புவதை விருப்பம் என்று எப்படிச் சொல்வது? தோடர், கோத்தர், இருளர் மொழிகளுக்கு வகுப்பில் என்ன இடம்? 1939லும் 1965லும் இந்தித் திணிப்பை எதிர்த்து மொழிக்காக உயிர்விட்ட மண்ணில் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஊருக்குள் தொடக்கப்பள்ளி, அந்த மொழி பேசும் ஆசிரியர், மாலையில் வீடு திரும்பும் பிள்ளை: முதலில் இவற்றைக் கொடுங்கள்.