மோரிப் வானத்தில் நடக்காத சண்டை

பத்துமலைப் படிகளில் ஏறி இறங்கிய களைப்போடு அடிவாரக் கடையில் தோசைக்குக் காத்திருந்தோம். படிவம் 4 படிக்கும் என் அக்காள் மகன் கைப்பேசியில் போர் விமான விளையாட்டில் மூழ்கிக் கிடந்தான். திடீரென்று நிமிர்ந்து கேட்டான்.

"மாமா, 1945ல சண்டை நிக்காம இன்னும் ஒரு வருஷம் ஓடியிருந்தா யாரு ஜெயிச்சிருப்பா? ஸ்பிட்ஃபயரா, ஜப்பான்காரன் விமானமா?"

"நடக்காததைப் பத்தி என்னடா பேச்சு? எஸ்பிஎம்முக்கு நடந்ததைப் படி" என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, தோசை வந்து தடுத்தது. யோசித்துப் பார்த்தால் அது நல்ல கேள்வி. அந்த விளையாட்டில் விமானங்கள் ஏதோ ஓர் ஐரோப்பிய வானத்தில் பறக்கின்றன. அதைக் கொஞ்சம் நம் பக்கம் இழுத்து, மோரிப் கடற்கரைக்கு மேலே கொண்டுவந்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான்.

மோரிப்புக்குக் குளிக்கப் போயிருப்பீர்கள். அங்கே ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்தவர்களும் இருப்பீர்கள். 1945 மே மாதம் ரங்கூனைப் பிடித்த பிரிட்டிஷ் தரப்பு, அடுத்து மலாயாவை மீட்கத் திட்டம் போட்டது. அதன் பெயர் ஸிப்பர் நடவடிக்கை. படைகள் மோரிப்பிலும் போர்ட்டிக்சன் பக்கத்திலும் கரையேற வேண்டும். நாள் செப்டம்பர் 9. ஆகஸ்டு 6இல் ஹிரோஷிமா, 9இல் நாகசாகி, 15இல் ஜப்பான் பணிந்தது. ஆனாலும் கிளம்பிய கப்பல்கள் திரும்பவில்லை. குறித்த அதே நாளில், எதிர்ப்பே இல்லாமல், மோரிப்பில் படை இறங்கியது.

போர் விமானங்களும் வந்தன. ரங்கூனுக்கும் நமக்கும் இடையே 1,500 கிலோமீட்டருக்கும் மேல். ஸ்பிட்ஃபயரால் அவ்வளவு தூரம் தாண்ட முடியாது. அதனால் அவற்றை விமானந்தாங்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து, கரை தெரியும் தூரத்தில் பறக்கவிட்டார்கள். 11ஆவது, 17ஆவது ஸ்குவாட்ரன்களின் ஸ்பிட்ஃபயர்கள் மோரிப்பை ஒட்டிய கெலானாங்கில் தரையிறங்கின. சண்டைக்கென்று வந்தவை, வந்து சேர்ந்தபோது சண்டை இல்லை.

சரி, இருந்திருந்தால்? விமானத்தை மட்டும் பார்த்தால் விடை சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்த 14ஆம் வகை ஸ்பிட்ஃபயர் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். ஜப்பானியரின் ஹயபுசா 500ஐச் சற்றே தாண்டும். அதுவும் மலாயாவில் அவர்களிடம் மிஞ்சியிருந்தவை சொற்பம். 1941 டிசம்பரில் இதே ஹயபுசாக்கள்தாம் சுங்கை பீசியிலிருந்து கிளம்பிய பஃபலோ விமானங்களைக் கோலாலம்பூர் வானத்தில் சிதறடித்தன. நான்கே ஆண்டுகளில் தராசு அடியோடு சாய்ந்துவிட்டது. ஆக, அக்காள் மகனின் கேள்விக்கு விடை ஸ்பிட்ஃபயர். விளையாட்டு முடிந்தது.

எனக்கு உண்மையான கேள்வியே அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வானத்தில் எதிரி இல்லாத போர் விமானம் என்ன செய்யும்? கீழே பாயும். ரயிலைச் சுடும், லாரியைச் சுடும், பாலத்தை உடைக்கும். பர்மாவில் அதுதான் நடந்தது. இங்கே அந்த ரயிலில் யார் இருந்தார்கள்? செந்தூல் பட்டறையில் யார் வேலை செய்தார்கள்? பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளில் யார் குடியிருந்தார்கள்? பெரும்பாலும் நம்மவர்கள். 1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் கோலாலம்பூர் ரயில் பட்டறையைக் குறிவைத்து வந்தன. மார்ச்சில் விழுந்த குண்டில், இன்றைய தேசிய அருங்காட்சியகம் நிற்கும் இடத்தில் இருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி நொறுங்கியது. பட்டறைக்கு வைத்த குறி அங்கே போய் விழுந்தது என்றால், சுற்றியிருந்த வீடுகளுக்கு என்ன உத்தரவாதம்?

இன்னொன்று, மோரிப் சேறு. சுட ஆள் இல்லாத அன்றைக்கே, கரையேறிய வாகனங்கள் சேற்றில் புதைந்து தவித்தன. எதிரே ஜப்பானியப் பீரங்கி இருந்திருந்தால், சிக்கிக்கொண்ட படையைக் காப்பாற்ற அந்த ஸ்பிட்ஃபயர்கள் பந்திங் பக்கத்துத் தோட்டங்களையும் கம்பங்களையும் துளைத்து எடுத்திருக்கும்.

இதைவிடக் கசப்பான பகுதி ஒன்று உண்டு. மோரிப்புக்கும் போர்ட்டிக்சனுக்கும் அனுப்பப்பட்டவை 25ஆவது, 23ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவுகள். போர்ட்டிக்சனிலிருந்து 30 கிலோமீட்டர் தள்ளிச் சிரம்பான். அங்கே இந்திய தேசிய ராணுவத்தின் பயிற்சி முகாம். ஜப்பான் பணியப்போகும் செய்தி நேதாஜியை எட்டியபோது அவர் இருந்ததும் அந்தச் சிரம்பானில்தான். அந்த ராணுவத்தில் சேர்ந்தவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் ஏராளம். ஜான்சி ராணிப் படையில் பெண்களும்கூட. போர் நீடித்திருந்தால் அந்த 30 கிலோமீட்டர் சாலையில் யார் யாரை எதிர்கொண்டிருப்பார்கள்? சுட்டிருப்பார்களா? தமிழில் குரல் கேட்டதும் துப்பாக்கியைத் தாழ்த்தியிருப்பார்களா?

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1944இல் இம்பாலில் இது நடந்தே விட்டது. கீழே ஜப்பானியரோடு இந்திய தேசிய ராணுவம். மேலே அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் 1ஆவது ஸ்குவாட்ரன், பிரிட்டிஷ் தரப்பில். வானமும் இரண்டாகப் பிளந்திருக்கும். நேதாஜி 45 இளைஞர்களைப் பயிற்சிக்கு ஜப்பான் அனுப்பினார். அவர்களில் சிலர் விமானிகளாகப் பழகிக்கொண்டிருந்தார்கள். பர்மாவில் வளர்ந்த ரமேஷ் பெனகல் அவர்களில் ஒருவர். போர் முடிந்தது, அவர் பிறகு இந்திய விமானப்படையிலேயே சேர்ந்தார், 1971 போரில் மகாவீர் சக்ரா விருதும் பெற்றார். அர்ஜன் சிங் அதே படைக்குத் தளபதி ஆனார். போர் இன்னும் ஓடியிருந்தால் இந்தப் பக்கம் ஓர் இந்தியர், அந்தப் பக்கம் ஓர் இந்தியர், நடுவில் மலாயா வானம்.

அணுகுண்டை நியாயப்படுத்த இதையெல்லாம் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஹிரோஷிமாவில் கருகியவர்களும் சாதாரண சனம்தான். நம் வீட்டுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள் என்பதுதான் என் வாதம்.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. என் பாட்டன் பந்திங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சயாம் மரண ரயிலுக்குப் பிடித்துச் செல்லப்பட்டவர். ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்துவிட்டது, பாடநூலும் ஏறக்குறைய அங்கேயே முடித்துவிடும். ஆட்களை விடவில்லையே! மரம் வெட்டவும், குண்டில் உடைந்த பாதையைச் செப்பனிடவும் முகாம்களிலேயே வைத்திருந்தார்கள். பாட்டன் அங்கிருந்து கிளம்பியது போர் நின்ற பிறகு, காலில் ஆறாத புண்ணோடு. என் அப்பா பிறந்தது 1947இல். இன்னும் ஒரு வருடம் என்றால், பாட்டி மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டு காத்திருந்திருப்பார். பாட்டன் வந்திருப்பாரா என்பது வேறு.

ஆகவே மாணவர்களே, 'நடந்திருந்தால்' என்று தாராளமாகக் கேளுங்கள். வகுப்பில் கேட்டால் சிலர் சிரிக்கலாம், கேளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மற்றதையெல்லாம் இருந்தபடியே வையுங்கள். என்ஜின் வேகத்தைப் பார்த்த கையோடு, விமானத்துக்குக் கீழே இருந்தவர்களையும் பாருங்கள். வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் அவரிடமும் இதே கேள்வியைப் போடுங்கள். ஆசிரியர் தராத விடை அங்கே கிடைக்கும்.

அக்காள் மகன் தோசையை மறந்து கேட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் அவன் விமானத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "கொள்ளுத்தாத்தா சயாம்லேருந்து எந்த மாசம் வந்தாரு மாமா?" என்றான். எனக்குத் தெரியவில்லை. பெரியத்தைக்குத் தெரியலாம், கிள்ளானில்தான் இருக்கிறார், எண்பதைத் தாண்டிவிட்டார். வரும் பள்ளி விடுமுறையில் முதலில் அவர் வீடு, பிறகு மோரிப். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போகச் சொல்லியிருக்கிறேன். சேறு தெரிய வேண்டும்.