பச்சை விளக்கு காத்திருக்காது

பாதசாரிகளுக்கான பச்சை விளக்குக்கு ஒரு கணக்கு உண்டு. நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் கடப்பார் என்பது இங்கிலாந்தில் அந்தக் கணக்காக இருந்தது. அங்கே 65 வயதைத் தாண்டியவர்களின் நடையை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, கணக்கு உதைக்கிறது என்றது. ஆண்களின் சராசரி வேகம் 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8. அதாவது, 12 மீட்டர் சாலையைக் கடக்க 10 விநாடி கொடுத்தால், அது முடியும்போது பாட்டிக்கு இன்னும் நான்கு மீட்டர் பாக்கி இருக்கும்.

நடை ஏன் தளர்கிறது? பழி வழக்கமாக முழங்கால் மீதுதான் விழும். ஆனால் அமெரிக்காவில் டெவிட்டா, ஹோர்டோபாகி இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு கணுக்காலையும் கைகாட்டியது. ஆரோக்கியமான இளைஞர்களையும் முதியவர்களையும் ஒரே வேகத்தில் நடக்கவைத்துப் பார்த்தார்கள். இளைஞர்களைக் கெண்டைக்கால் தசை பலமாக உந்தித் தள்ளியது. முதியவர்களிடம் அந்த உந்தல் குறைவு. முழங்காலின் பங்கும் குறைவு. இரண்டின் வேலையையும் இடுப்பு தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தது. தசை தளர்வது ஒருபுறம் இருக்க, எந்த மூட்டுக்கு எவ்வளவு வேலை என்று நரம்புகள் செய்யும் பங்கீடே வயதோடு மாறுகிறது என்பது அவர்கள் முடிவு.

சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி கெண்டைக்காலுக்கு வலுவூட்டும். அதற்கு மாதங்கள் ஆகும். பச்சை விளக்குக்கு ஐந்து விநாடி கூட்டிக்கொடுக்க ஒரு நாள் போதும்.