பூட்டியது யார்?

பழைய கணினியில் நினைவகத்தைக் கூட்டிய பின்னும் இயங்குதளம் அதைக் கண்டுகொள்ளாவிட்டால், பழி நினைவகத்தின் மேலோ அதைப் பொருத்தியவர் மேலோ விழுகிறது. இந்தப் பழியை நாம் ஏற்பதற்கில்லை.

32 பிட் முகவரியால் 4 ஜிபி வரைதான் எட்ட முடியும் என்பது வெறும் கணக்கு. வரைகலை அட்டை முதலியவற்றுக்கும் அதிலேயே பங்கு உண்டாதலால், நமக்கு மிஞ்சுவது ஏறத்தாழ மூன்றோ மூன்றரையோதான். இதில் நமக்கு வழக்கில்லை. ஆனால் 1995இல் வந்த பென்டியம் புரோ செயலியே 36 பிட் முகவரியால் 64 ஜிபியைத் தொட்டுவிட்டது. லினக்ஸ் அவ்வழியே சென்றது. மைக்ரோசாஃப்டின் 32 பிட் விண்டோஸ் சர்வர் 2003 என்டர்பிரைஸ் பதிப்பும் சென்றது. வீட்டுப் பயனருக்கான 32 பிட் பதிப்புகளுக்கு மட்டும் 4 ஜிபியில் கதவடைப்பு!

சாதன இயக்கிகள் தடுமாறும் என்று காரணம் சொன்னார்கள். பாதி நியாயம் என்றே கொள்வோம். அவ்வாறாயின், 2009இல் வெளியான விண்டோஸ் 7 ஹோம் பேசிக், 64 பிட்டிலும் 8 ஜிபியோடு நின்றது ஏன்? அதே விண்டோஸ் 7இன் 64 பிட் புரொபஷனல் 192 ஜிபி வரை ஏற்றதே! இங்கே இயக்கிகளைச் சாக்குச் சொல்ல முடியுமா? உள்ளிருந்த கரு ஒன்றுதான், விலைதான் வேறு. பொருளைப் பணம் கொடுத்து வாங்கியவன், அதைக் காண இன்னொரு முறை பணம் கட்ட வேண்டுமாம்.

அத்தகைய கணினிகளை இன்னும் வைத்திருப்போர், நினைவகத்தைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்குமுன் பதிப்பின் பெயரை ஒருமுறை படித்துப் பாருங்கள்.