தட்டிப் பொரித்த பன்றிக்கறி
ஜெர்மானியரின் பன்றி ஷ்னிட்செலில் பாதி வேலை அடுப்பை மூட்டுமுன்பே முடிந்துவிடுகிறது. எலும்பில்லாத தொடைக்கறியை அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, உப்பும் மிளகும் தூவி, மைதா, அடித்த முட்டை, ரொட்டித்தூள் என்ற வரிசையில் புரட்ட வேண்டும். தூளை அழுத்தி ஒட்டவைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அழுத்தினால் மேலோடு கறியோடு இறுகிவிடும். சுமார் 170 டிகிரி செல்சியஸ் சூட்டில், கறி மிதக்குமளவு நெய்யில் போட்டுச் சட்டியை மெல்ல ஆட்டினால், சூடான நெய் மேலேறிப் பாயும். உள்ளிருந்து எழும் நீராவி மேலோட்டை அலையலையாக உப்பவைக்கும். நெய்யில் சிக்கனம் பார்ப்பவர்கள் இதில் இறங்காமலிருப்பதே நல்லது.

துணைக்கு எலுமிச்சைத் துண்டு, வெள்ளரி சாலட், உருளைக்கிழங்கு சாலட். கடைசியதைத் தெற்கே சூடான இறைச்சிச் சாறு, வினிகர், கடுகு விழுது சேர்த்துப் பிசிறுவார்கள். வடக்கே பெரும்பாலும் மயோனைஸ். நெய்யில் பொரித்த கறிக்குத் தெற்கத்திப் புளிப்பே எடுப்பு. ‘யேகர் ஷ்னிட்செல்’ என்று காளான் குழம்பை மேலே ஊற்றுவதும் உண்டு. மொறுமொறுப்புக்கு இத்தனை பாடுபட்டபின் அதை நனைப்பானேன்? குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். பழைய கிழக்கு ஜெர்மனியிலோ அதே பெயரில் தட்டுக்கு வந்தது, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த சாசேஜ் வட்டம். கூடவே நூடுல்ஸ், தக்காளி சாஸ்.