மூணு மணி நேரம் அசையாம கேம் ஆடுறவனுக்கு கவனக்குறைபாடா?

ராஜபாளையத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை, இந்த வாரம் நைட் ஷிப்ட். அப்பா லோடு ஏற்றிக்கொண்டு போனால் வீடு திரும்ப இரண்டு நாள் ஆகும். ஏழாவது படிக்கும் பையன் பாட்டியின் பொறுப்பில். பாட்டி எட்டரைக்கே கண்ணயர்ந்துவிடுவார். பையன் கையில் அப்பாவின் பழைய செல்போன்.

காலையில் ஷிப்ட் முடிந்து வரும் அம்மா நோட்டைப் பிரித்தால், ஹோம்வொர்க் பக்கத்தில் தேதி மட்டும் இருக்கிறது. கணக்கு முதல் வரியோடு நிற்கிறது. ஜியோமெட்ரி பாக்ஸ் மறுபடியும் தொலைந்திருக்கிறது. "பையனுக்குக் கவனமே நிக்க மாட்டேங்குது, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிருங்க" என்று டீச்சர் சொல்லியனுப்பியபோது அம்மாவுக்கு வந்தது கோபம்தான். "கவனம் இல்லையாம்ல! கேம்னா மூணு மணி நேரம் கண்ணு இமைக்காம உக்காந்திருக்கான். அவனுக்கு வியாதி இல்ல, கொழுப்பு!"

ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளிலும் இதே வாக்கியம்தான், மதுரை வீடுகளிலும் இதேதான். டாக்டரைப் பார்க்க வேண்டிய எத்தனையோ பிள்ளைகள் வீட்டு வாசலைத் தாண்டாததற்கு இந்த ஒரு வாக்கியம் போதும். ஆனால், அதில் இருக்கும் கணக்கு தப்பு. கேம் ஆட முடிகிறது என்பதாலேயே ஒரு பிள்ளைக்கு ஏ.டி.ஹெச்.டி இல்லை என்று ஆகிவிடாது.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பெயர். 'கவனக்குறைபாடு' என்றதும் கவனமே இல்லாத பிள்ளை என்று நினைத்துக்கொள்கிறோம். இவர்களிடம் கவனம் இருக்கிறது. தேவைப்படும் இடத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்துவதும், வேண்டாதபோது அங்கிருந்து எடுப்பதும்தான் முடிவதில்லை. உலக அளவில் 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 5 பேருக்கு இந்தப் பிரச்னை இருப்பதாக மருத்துவ உலகம் கணக்கிடுகிறது. ஐம்பது பேர் உட்காரும் ஒரு வகுப்பறையில் இரண்டு, மூன்று பேர்.

நூலை ஒட்டுவது யார்?

மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ரிங் பிரேமில் நூல் அறுந்தால், அந்தப் பெண்கள்தான் ஓடி ஓடி ஒட்டவேண்டும். ஆட்டோகோனரில் அந்தக் கஷ்டமில்லை, அறுந்த நூலை மெஷினே சேர்த்துவிடும். பாடப் புத்தகம் ரிங் பிரேம் மாதிரி. கவனம் அறுந்தால் பிள்ளையேதான் ஒட்டவேண்டும், ஏ.டி.ஹெச்.டி உள்ள பிள்ளைக்கு வராதது அந்த வேலைதான். கேம் ஆட்டோகோனர். சில விநாடிக்கு ஒரு சத்தம், ஒரு வெளிச்சம், ஒரு பாயின்ட், ஓர் எதிரி. கவனம் அறுவதற்குள் கேமே ஒட்டிவிடுகிறது.

1998-ல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் எட்டு ஆண்களை வீடியோ கேம் ஆடவைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். டாங்கியை ஓட்டிக்கொண்டு போகும் சாதாரண கேம்தான். ஆடும்போது மூளையில் டோபமைன் கூடுதலாகச் சுரப்பது தெரிந்தது. 'நேச்சர்' இதழில் வெளியான அந்த ஆய்வு இன்றைக்கும் பேசப்படுகிறது. 'இதைச் செய்தால் பலன் உண்டு, விடாதே' என்று தூண்டும் ரசாயனம் டோபமைன். ஏ.டி.ஹெச்.டி உள்ளவர்களின் மூளையில் இந்த ஏற்பாடுதான் கொஞ்சம் மாறி வேலை செய்கிறது என்று கருதப்படுகிறது. தள்ளிக் கிடைக்கும் பலனுக்காகக் காத்திருப்பது அவர்களுக்குப் பெரும்பாடு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், பால் சுண்டி கோவா ஆகும்வரை அடுப்படியில் நின்று கிண்டுகிற வேலை அவர்களுக்கு ஆகாது. பரீட்சை மார்க் மூன்று மாதம் கழித்து வரும் கோவா. கேமில் தட்டிலேயே வந்துவிடுகிறது.

2005-ல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று இதை நேராகவே சோதித்தது. ஏ.டி.ஹெச்.டி உள்ள பிள்ளைகள், அவசரத்தை அடக்குகிறார்களா என்று பார்க்கும் வழக்கமான ஆய்வுக்கூடச் சோதனையில் சறுக்கினார்கள். அதே பிள்ளைகள் கம்ப்யூட்டர் கேமில் மற்ற பிள்ளைகளுக்கு ஏறக்குறைய சமமாக ஆடினார்கள். அந்த அம்மா சொன்னது பொய்யில்லை, அவர் கண்ணால் பார்த்தது உண்மைதான். அதற்கு எழுதிய அர்த்தம்தான் வேறு.

சரி, கேம் ஆடி ஆடித்தான் இந்தப் பிரச்னையே வந்ததா? ஏ.டி.ஹெச்.டி பெருமளவு பரம்பரையாக வருவது. செல்போன் வருவதற்கு வெகுகாலம் முன்பே இது மருத்துவப் புத்தகங்களில் இருக்கிறது. அதற்காக போன் சுத்தமான கை என்றும் சொல்லிவிட முடியாது. லாஸ் ஏஞ்சல்ஸில் 2,587 பள்ளி மாணவர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018-ல் வெளியானது. ஆரம்பத்தில் யாருக்கும் அறிகுறி கிடையாது. டிஜிட்டல் பொழுதுபோக்கு எதையும் அடிக்கடி பயன்படுத்தாதவர்களில் பின்னாளில் அறிகுறி தென்பட்டது 4.6 சதவிகிதம் பேருக்கு. பட்டியலில் இருந்த பதினான்கையும் அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 10.5 சதவிகிதம். தொடர்பு இருக்கிறது. காரணம் அதுதான் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லவில்லை. அந்தப் பதினான்கில் கேமும் ஒன்று, அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், கேமையே மருந்தாக்கிப் பார்த்தவர்களும் உண்டு. 'எண்டெவர்ஆர்எக்ஸ்' என்ற கேமுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2020 ஜூனில் அனுமதி கொடுத்தது. 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு, டாக்டர் சீட்டோடு. 348 பிள்ளைகள் பங்கேற்ற சோதனையில், கம்ப்யூட்டரில் செய்யும் கவனத் தேர்வு மார்க் கூடியது. ஆனால், 'வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறான்' என்று பெற்றோர் போட்ட மார்க்கில், இந்த கேமை ஆடியவர்களுக்கும் ஒப்பீட்டுக்காக வேறொரு கேம் ஆடியவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கேமில் கற்ற கவனம் கேமுக்கு வெளியே வர யோசிக்கிறது. 'மூளைக்கு நல்லது' என்று விளம்பரத்தில் வரும் ஆப்களுக்குப் பணம் கட்டும் முன் இதை நினைத்துக்கொள்ளலாம்.

நிறுத்துவதுதான் பிரச்னை

ஏ.டி.ஹெச்.டி உள்ள பிள்ளைக்கு கேமில் நிஜமான ஆபத்து எங்கே என்றால், எழுந்திருப்பதில். நேரம் போவது இவர்களுக்கு மற்றவர்களைப் போலத் தெரிவதில்லை. 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்று சொல்பவன் ஏமாற்றவில்லை, அவனுக்கு அது அஞ்சு நிமிஷமாகத்தான் இருக்கிறது. இரவுத் தூக்கம் போகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் கவனம் இன்னும் மோசமாகிறது. அவசர புத்தியும் சேர்ந்தால் டைமண்ட், யூ.சி என்று அப்பாவின் யு.பி.ஐ-யில் கை வைக்கிறது.

கேம் ஆடுவதில் கட்டுப்பாடு இழந்து, படிப்பும் சாப்பாடும் உறவும் கெட்டும் நிறுத்த முடியாத நிலை ஓராண்டு அளவுக்கு நீடித்தால், அதை 'கேமிங் டிஸார்டர்' என்று உலக சுகாதார நிறுவனம் தனியாகவே வகைப்படுத்தியிருக்கிறது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ஏ.டி.ஹெச்.டி உள்ளவர்கள் இதில் சிக்குவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பெங்களூரு நிமான்ஸில் இதற்காகவே 2014 முதல் தனி கிளினிக் இயங்குகிறது.

தடை போட்டால் தீருமா? 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. அடுத்த ஜூலையில் பி.ஜி.எம்.ஐ வந்துவிட்டது. 2022-ல் ஃப்ரீ ஃபயர் போனது, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் இருந்தது. வீட்டிலும் இதே கதைதான். போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினால், பையன் பக்கத்து வீட்டு அண்ணன் போனில் ஆடுவான். அடித்தால் அடி வாங்கிக்கொண்டு ஆடுவான்.

ஒரு சின்ன விஷயம் நிஜமாகவே உதவும். ஃப்ரீ ஃபயர் மேட்ச் ஒன்று பத்து நிமிடம் போலப் போகும், பி.ஜி.எம்.ஐ-யில் அரை மணி நேரம்கூட ஆகும். நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. 'இப்பவே வை' என்று கத்தினால் சண்டைதான் மிஞ்சும். 'இந்த மேட்ச் முடிஞ்சதும் வைக்கணும், அடுத்தது ஆரம்பிக்கக் கூடாது' என்று ஆடுவதற்கு முன்பே பேசிவைத்தால் நடக்க வாய்ப்பு உண்டு. கண்ணெதிரே ஒரு கடிகாரம் வேண்டும். இரவில் போன், பாட்டியின் தலைமாட்டில் அல்ல, சமையல்கட்டில் சார்ஜ் ஆகட்டும். யு.பி.ஐ பின்னை மாற்றிவிடுங்கள், இன்றைக்கே.

இதெல்லாம் பக்கவாத்தியம். டாக்டரைப் பார்ப்பதுதான் கச்சேரி. அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடத்திலாவது தெரியவேண்டும். இதையெல்லாம் கேட்டறிந்த பிறகே டாக்டர் முடிவு சொல்வார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. அதனால், டீச்சரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு போவது பெரிய உதவி. மாத்திரை எல்லோருக்கும் அல்ல. ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதலில் பெற்றோருக்கான பயிற்சிதான்.

ராஜபாளையத்திலிருந்து மதுரை 85 கிலோமீட்டர் பக்கம். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அவ்வளவு தூரம் பஸ் ஏற எல்லோராலும் முடியாது. அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் ஆர்.பி.எஸ்.கே மருத்துவக் குழு பார்க்கும் குறைபாடுகளின் பட்டியலில் ஏ.டி.ஹெச்.டி-யும் இருக்கிறது. அவர்கள் வரும் நாளைப் பள்ளியில் கேட்டுவைக்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம்.

பெண் பிள்ளைகளையும் கொஞ்சம் கவனியுங்கள். ஓடுவதில்லை, குதிப்பதில்லை, ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருப்பார்கள். அதனாலேயே பல வருடம் யார் கண்ணிலும் படுவதில்லை. பெரியவர்களும் தப்பிவிடுகிறார்கள். நடிகர் ஃபகத் ஃபாசில் தனக்கு ஏ.டி.ஹெச்.டி இருப்பது 41 வயதில்தான் கண்டறியப்பட்டது என்று 2024 மே மாதம் சொன்னார். பிள்ளைக்காக டாக்டர் கொடுத்த கேள்வித்தாளை நிரப்பும்போது, 'அடிக்கடி பொருள்களைத் தொலைப்பது உண்டா?' என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி யோசிக்கும் அப்பாக்கள் உண்டு. அதையும் டாக்டரிடமே கேட்டுவிடலாம்.